“நூறு வருஷத்து மழை” என்றால் என்ன?

பிள்ளையார்குப்பத்துப் பெரியவர் ஒருத்தர்கிட்ட ஃபெஞ்சல் புயலைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். “நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற மழைங்கிறாங்களே, அப்ப இனிமே பேரன் காலத்துலதானே?” என்று கேட்டார். அதுக்கான பதில்தான் இந்தக் குறிப்பு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பதிவான மழை 48.4 செ.மீ. முந்தைய உச்சம் 2004 அக்டோபர் 31இல் 21 செ.மீ. இரண்டு மடங்குக்கும் மேல்!

இப்படிப்பட்ட உச்சங்களுக்குன்னே ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு வருஷத்தின் பெரிய மழையை மட்டும் எடுத்தால் அவை மூன்று பரவல் வடிவங்களில் ஒன்றை ஒட்டி வரும் என்று 1928இல் ஃபிஷரும் டிப்பெட்டும் காட்டினார்கள். 1955இல் ஜென்கின்சன் மூன்றையும் ஒரே சூத்திரத்தில் அடக்கினார். இதை வெள்ளக் கணக்குக்குக் கொண்டுவந்தவர் எமில் கம்பெல். ஹிட்லர் கும்பலை எதிர்த்ததால் 1932இல் ஹைடல்பர்கில் வேலையை இழந்தவர். இத்துறையில் அவரது நூல் 1958இல் வந்தது.

இந்தக் கணக்குப்படி, “நூறு வருஷத்து மழை” என்பது எந்த வருஷமும் வர 1 சதவீத வாய்ப்புள்ள மழை. இந்த வருஷம் வந்துட்டா அடுத்த வருஷம் லீவு எடுத்துக்காது. 30 வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தால், ஒருமுறையாவது அதைப் பார்க்க 26 சதவீத வாய்ப்பு.

இதிலும் ஒரு ஓட்டை. நேற்றைய வானமும் நாளைய வானமும் ஒண்ணுதான் என்று கணக்கு நம்புகிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும். மத்திய இந்தியாவில் 1951 முதல் 2000 வரை கனமழை நாட்கள் கூடியதை கோஸ்வாமி குழு 2006இல் காட்டியது. பழைய நம்பிக்கை செத்துவிட்டது என்றே 2008இல் மில்லி குழு எழுதியது. அதனால் இப்போது பரவலின் மையத்தையே வருஷத்தோடோ வெப்பநிலையோடோ நகரவிட்டுக் கணக்கிடுகிறார்கள்.

அதுவும் லேசில்லை. ஒரே ஊரின் சில பத்தாண்டுப் பதிவில் 48.4ஐச் சேர்த்தால் ஒரு விடை, விட்டால் வேறு விடை. கடலூர், விழுப்புரம் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் நிதானம் கிடைக்கும்.

வாய்க்கால் அகலமும் வீட்டு அடித்தள உயரமும் இந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகணும். பெரியவருக்கு என் பதில்: பேரன் காலம் வரைக்கும் காத்திருக்காதீங்க ஐயா, வீட்டை இப்பவே உசத்திக் கட்டுங்க.