நாலு கட்டத்தில் ஒரு ரகசியம்

இங்கிலீஷில் நாலெழுத்து வார்த்தை ஒன்று வேண்டும். இரண்டாவது எழுத்து 'டி', கடைசி எழுத்து 'ஹெச்'. குறுக்கெழுத்துப் போட்டியில் பழகிய கை யோசிக்காமலே 'இட்ச்' என்று எழுதிவிடும். அரிப்பு என்று அர்த்தம். 'எட்ச்' என்றும் போடலாம். 1944-ஆம் வருஷம் மே மாதம் லண்டன் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகையில் இவை இரண்டும் இல்லாமல் 'யூட்டா' என்ற அமெரிக்க ராஜ்யத்தின் பெயர் விடையாக வந்தது. அதனால் ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு உளவுத் துறை ஆசாமிகள் வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் கட்டங்களின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்தர் வின் என்பவர் லிவர்ப்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். 1913 டிசம்பர் 21-ந் தேதி 'நியூயார்க் வோர்ல்டு' பத்திரிகையின் ஞாயிறு மலரில் வைர வடிவத்தில் கட்டம் கட்டி ஒரு புதிர் போட்டார். 1924-ல் அது புத்தகமாக வந்ததும் அமெரிக்காவுக்கே பைத்தியம் பிடித்தது. இங்கிலாந்துக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள்; பிறகு கேலி செய்தவர்களே பென்ஸிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 'டெலிகிராப்' 1925-லும், கௌரவம் மிகுந்த 'டைம்ஸ்' 1930-லும் புதிர் போட ஆரம்பித்தன. நம் ஊர்ப் பத்திரிகைகளையும் அந்த ஜுரம் விட்டுவைக்கவில்லை.

'டெலிகிராப்'புக்கு ஆரம்பத்திலிருந்தே புதிர் தயாரித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் லெனர்ட் டாவ். ஸ்ட்ராண்ட் ஸ்கூல் என்ற பள்ளியின் ஹெட்மாஸ்டர். வாலிபத்தில் மூக்குக்கண்ணாடியோடு கால்பந்து ஆடியவர். லண்டனில் குண்டு விழுந்த நாட்களில் அவர் பள்ளி ஸர்ரே ஜில்லாவில் எபிங்ஹாம் என்ற கிராமத்துக்கு இடம் பெயர்ந்திருந்தது.

இனித் தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். மே 2-ந் தேதி 'யூட்டா'. மே 22-ந் தேதி மிஸௌரி நதிக்கரையைச் சுட்டி ஒரு குறிப்பு, விடை 'ஒமாஹா'. மே 27-ல் 'ஓவர்லார்டு'. மே 30-ல் குழந்தைகள் சுற்றி வந்து ஆடும் பாட்டில் வரும் செடி, 'மல்பெரி'. ஜூன் 1-ல் கடல் தேவன் 'நெப்டியூன்'. ஜூன் 6-ந் தேதி நேச நாட்டுப் படைகள் பிரான்ஸில் நார்மண்டிக் கரையில் இறங்கின. அந்தப் படையெடுப்பு முழுவதற்கும் சங்கேதப் பெயர் ஓவர்லார்டு. அதன் கடற்படைப் பகுதிக்கு நெப்டியூன். கூடவே இழுத்துச் சென்ற செயற்கைத் துறைமுகங்கள் மல்பெரி. அமெரிக்கர் இறங்க வேண்டிய இரண்டு கரைகள் யூட்டாவும் ஒமாஹாவும்.

லட்சக்கணக்கான உயிர்கள் இந்தச் சொற்களை மூடி வைப்பதில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன், 1942 ஆகஸ்டு 17-ந் தேதி, இதே பத்திரிகையில் ஒரு பிரெஞ்சுத் துறைமுகம் கேட்டு 'டியெப்' என்ற விடை வந்திருந்தது. பத்தொன்பதாந் தேதி டியெப்மேல் நடந்த தாக்குதலில் கனடாச் சிப்பாய்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். விசாரித்துவிட்டுத் தற்செயல் என்று விட்டார்கள். ஒரு தடவை தற்செயல் சரி. ஒரு மாதத்தில் ஐந்து தடவையா? டாவைக் குடைந்து எடுத்தார்கள். ஏன் இந்த வார்த்தைகளைப் போட்டீர் என்ற கேள்விக்கு, ஏன் போடக் கூடாது என்பதுதான் அவர் நிலை. கடைசியில் விட்டுவிட்டார்கள்.

எனக்கு இதில் வேடிக்கையாகப் படுவது வேறொன்று. இதே பத்திரிகை அலுவலகத்தில்தான் 1942 ஜனவரியில் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் புதிர் போட முடியுமா என்று ஒரு பந்தயம் நடந்தது. கெட்டிக்காரர்கள் சிலருக்குப் பிற்பாடு ராணுவ இலாகாவிலிருந்து அந்தரங்கக் கடிதம் வந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பிளெட்ச்லி பார்க். ஜெர்மானியரின் எனிக்மா யந்திரச் செய்திகளை உடைக்கும் கூடாரம். அங்கும் கட்டம் நிரப்பும் புத்திதான் வேலை செய்தது. காலைச் செய்தியில் வானிலை பற்றிச் சொல்லியிருப்பான், 'வெட்டர்' என்ற ஆறெழுத்து வார்த்தை எங்கோ இருக்கவேண்டும் என்று ஊகிப்பார்கள். எனிக்மாவுக்கு ஒரு பலவீனம்: எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றாது. ஆகவே ஊகித்த வார்த்தையைச் செய்திக்கு அடியில் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் ஓரெழுத்து தன்னோடு தானே ஒத்துவிட்டால் அந்த இடம் தள்ளுபடி. ஆக, புதிர் போட்டவனுக்குச் சர்க்கார் வேலை. புதிர் தயாரித்தவனுக்கு விசாரணை!

முடிச்சு 1984-ல் கொஞ்சம் அவிழ்ந்தது. டாவின் பழைய மாணவர் ஒருவர் வாய் திறந்தார். ஹெட்மாஸ்டர் வெறும் கட்டங்களைப் பையன்களிடம் கொடுத்து, நீளத்துக்குத் தக்க வார்த்தைகளால் நிரப்பச் சொல்வாராம். மூளைக்கு நல்ல பயிற்சி என்பது அவர் எண்ணம். குறிப்பு எழுதுவது மட்டும் அவர் வேலை. பள்ளிக்குப் பக்கத்திலேயே அமெரிக்க, கனடாச் சிப்பாய்களின் முகாம். பதினாலு வயசுப் பையனாக இருந்த இவர் அங்கே சுற்றித் திரிந்து, காதில் விழுந்த பெயர்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, கட்டத்தில் நுழைத்தாராம். சிப்பாய்களுக்குப் பெயர்கள்தான் தெரியும்; எந்தக் கரை, எந்தத் தேதி என்பது தெரியாது.

இதை நம்பாதவர்களும் உண்டு. நான் பெரும்பாலும் நம்புகிறேன். எட்டுக் கட்டம் காலியாக இருக்கும்போது, புதிதாகக் கேட்ட எட்டெழுத்து வார்த்தையை எந்தப் பையன் விடுவான்? 'ஓவர்லார்டு'க்கும் எட்டு, 'மல்பெரி'க்கும் எட்டு.

விசாரணைக்குப் பிறகு டாவ் அவரைக் கூப்பிட்டு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாராம். முகம் வெளுத்ததாம். உடனே அதைக் கொளுத்தச் சொல்லி, பைபிள்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

1958-ல் பி.பி.ஸி.யில் டாவ் இந்த விசாரணைக் கதையைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த வார்த்தைகள் எப்படி வந்தன என்பதை மட்டும் சொல்லவில்லை. 1963-ல் அவர் காலமானார்.