வேகத்திற்குச் சாட்சி யார்?

1973இல் நியூயோர்க் பெல்மொன்ற் பந்தயத்தில் செக்ரட்டேறியற் என்ற குதிரை 31 குதிரை நீள இடைவெளியில் வென்றது. அதே பந்தயத்தை 1920இல் மேன் ஓ வார் வென்ற இடைவெளி 20 நீளம். முன்னதே பெரிதென்று சொல்லிவிடலாமா?

இடைவெளி எதிராளியையும் பொறுத்தது. மேன் ஓ வாருக்கு அன்று ஒரேயொரு போட்டிக் குதிரைதான். செக்ரட்டேறியற்றுடன் முட்டிமோதிய ஷாம் களைத்துக் கடைசியாக வந்தது. கடிகாரத்தைக் கேட்போமென்றால், 1920இல் பந்தயத் தூரமே குறைவு. மேலும், அவ்வாண்டு பொற்றோமக் பந்தயத்தில் மேன் ஓ வார் 138 இறாத்தல் சுமந்து வென்றதைக் கடிகாரம் சொல்லாது.

எதிராளி, தூரம், சுமை மூன்றையும் விசாரித்தே நான் தீர்ப்புச் சொல்வேன். ஒன்றரை மைலுக்கு 2 நிமிடம் 24 செக்கன் என்ற செக்ரட்டேறியற்றின் பந்தயச் சாதனை அரை நூற்றாண்டு கடந்தும் நிலைக்கிறது. ஒற்றை ஓட்டத்துக்கு அதுவே முதல். 21 பந்தயங்களில் 20ஐ வென்ற மேன் ஓ வாருக்கோ வாழ்நாள் மகுடம்.