உப்புவழியில் ஒரு நாள்



தைத்திங்களில் நகரத்தாராகிய நம்மவர் காவடி எடுத்துக் குன்றக்குடியினின்று புறப்பட்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் கால்நடையாகப் பழனியை அடைவது நானூறு ஆண்டுகளாக நடைபெறும் வழக்கமென்று பெரியோர் கூறுவர். அவ்வழியில் திண்டுக்கல் முதல் ஒட்டன்சத்திரம் வரையுள்ள ஏறக்குறைய 30 கிலோமீட்டரை நாம் ஒரு நாளில் நடந்த காலத்து, உள்ளத்தில் எழுந்தவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இவ்வழி முதற்கண் வாணிக வழியாகும். கடற்கரையில் விளைந்த உப்பைப் பழனிக்குக் கொண்டு சென்று விற்ற நம் முன்னோர், ஊதியத்தில் ஒரு பங்கை முருகப்பெருமானுக்கு மகமையாக ஒதுக்கினர் என்பதும், அதனின்றே இவ்யாத்திரை தோன்றிற்று என்பதும் வழிவழி வந்த செய்தி. இன்று பழனியையும் திண்டுக்கல்லையும் இணைக்கும் 83-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கிழக்கே நாகப்பட்டினக் கடற்கரை வரை செல்வதை நோக்குழி, அவ்வுப்பின் நினைவு வாராதிராது.

விடியுமுன் பனியில் புறப்பட்டோம். மேற்கு நோக்கி நடந்த நாம் திரும்பிப் பார்த்தபோது, இளவெயிலில் திண்டுக்கல் மலைக்கோட்டை செந்நிறமாய் விளங்கிற்று. 1605-இல் மதுரை நாயக்கர் மரபினர் தொடங்கிய அக்கோட்டையில், 1755-இல் ஹைதர் அலி மைசூர் அரசின் பௌஜ்தாராக அமர்ந்தார். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது கும்பினியாரைச் சேர்ந்தது. கோட்டைக்கு உடையவர் மாறினர்; கீழே நடந்த வழிப்போக்கர்க்கு வழி மாறவில்லை.

அதற்குக் காரணம் யாது? ஊர்ப்பெயர்களே விடை கூறுகின்றன. திண்டுக்கல்லுக்கு மேற்கே முதலில் ரெட்டியார்சத்திரம், அப்பால் ஒட்டன்சத்திரம், அதற்கும் அப்பால் சத்திரப்பட்டி. நடப்பவனுக்கு நிழலும் நீரும் இடமும் கொடுத்த சத்திரங்களே ஊர்களுக்குப் பெயராயின. அப்பெயர்களில் நம் குலத்தின் பெயர் இல்லை. பிறருடைய பெயர்களே உள்ளன என்பதைக் கருதுக.

ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கேயுள்ள விருப்பாட்சியும் அத்தகையதே. 1772-இல் கணவரைக் காளையார்கோயில் போரில் இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் அளித்தது விருப்பாட்சிப் பாளையம். 1780-இல் அவர் நாட்டை மீட்டார். அப்பாளையத்தின் கோபால் நாயக்கர் 1801-இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்டார். நம் சீமையின் அரசிக்கு இச்சீமையார் செய்த உதவியை நம்மில் எத்தனை பேர் அறிவர்?

நண்பகலில், தென்பால் பழனிமலைத் தொடர் நீலமாய்த் தோன்ற, முருங்கைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் தளர்ந்து அமர்ந்தோம். முதிய அம்மையார் ஒருவர் மோர் கொணர்ந்தார். காசு கொடுக்க முற்பட்டோம். அவர், “எங்க மாமியா காலத்துலேருந்து ஊத்துறோம் அய்யா, காசு வாங்குனா அது மோரா?” என்றார். நாம் நாணித் தலைகுனிந்தோம். காவடி எடுத்தவர் பெயரை நாம் ஏட்டில் எழுதி வைக்கின்றோம். மோர் வார்த்த அக்குடும்பத்தை எவ்வேட்டில் எழுதினோம்?

மாலையில் ஒட்டன்சத்திரம் சேர்ந்தபோது, காய்கறிச் சந்தைக்கு மூட்டைகள் வந்து இறங்கிக் கொண்டிருந்தன. பழனிக்கு 1928 முதல் இருப்புப்பாதை உண்டு, உந்துவண்டிகட்கும் குறைவில்லை. “பின் எதற்கு நடப்பது?” என்று நம் இளைஞர் வினவுகின்றனர். வண்டியில் செல்வோனுக்கு வழியிலுள்ளோர் வேண்டுவதில்லை. நடப்பவனுக்கோ அவரின்றி ஓர் அடியும் செல்லாது. இவ்வுண்மையை ஆண்டுக்கொருமுறை காலால் கற்பதே இந்நடையின் பயன் என்பது நம் கருத்து.

ஆதலின் அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பாட்டனார் எவ்வூரில் தங்கினார், எவர் வீட்டில் நீர் அருந்தினார் என்பதை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, இவ்வாண்டே எழுதி வையுங்கள். தங்குமிடங்களில் இலையும் குப்பையும் விட்டு வாராதீர்கள். அவ்வூர்ப் பள்ளிக்கோ கிணற்றுக்கோ இயன்றதைச் செய்யுங்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது உப்பு விற்றவர் மரபில் வந்த நமக்குப் பிறர் சொல்லித் தரவேண்டியதன்று.