ஐயத்தின் நடுவே சமயப் பற்று: கொழும்பு மாணவர் வரலாற்றில் ஓர் ஏடு

ஆபிரகாம் ரி. கோவூர் என்னும் பெயர் கொழும்பில் ஒரு காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. கேரளத்துத் திருவல்லாவில் மார்த்தோமாத் திருச்சபைக் குரு ஒருவரின் மைந்தராகப் பிறந்த அவர், ஆசிரியராக இலங்கைக்கு வந்து, தேர்ஸ்டன் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து 1959 ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றார். பின்னர் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராய், வெள்ளவத்தைப் பாமன்கடை ஒழுங்கையில் வாழ்ந்து 1978 இல் காலமானார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் அவர் பணிபுரிந்த காலத்துச் செய்தி ஒன்று வழங்குகின்றது. விவிலிய வகுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாணவர் அனைவரும் சிறப்புச் சித்தி எய்தினர். ஆயினும் அடுத்த ஆண்டு அப்பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. காரணம் வினவியபோது, பெறுபேறு நன்றே, ஆனால் மாணவர் எல்லோரும் நம்பிக்கையை இழந்துவிட்டனரே என்று அதிபர் விடையளித்தாராம்.

இதனைக் கேட்டுச் சிரிப்போர் பலர். சைவநெறிப் பாடத்துக்கு விடைத்தாள் திருத்துவோர் சிரிப்பதற்கு முன் சற்றே நிதானித்தல் நன்று. புள்ளியும் பற்றும் வெவ்வேறு பொருள்கள். ஒன்றைப் பெற்ற பிள்ளை மற்றதையும் பெற்றுவிட்டான் என்பதற்கு விடைத்தாள் சான்றாகாது. ஆகவே, ஐயம் நிறைந்த வகுப்பறையில் அமர்ந்தும் சமயப் பற்றை இழவாத மாணவர் எவ்வாறு நின்றனர் என்பதை ஆராய்தல் வேண்டும். அதற்குக் கொட்டாஞ்சேனைப் பக்கமாகச் சென்று ஒரு நூற்றாண்டு பின்னோக்கிப் பார்ப்போம்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நிறுவிய பொன்னம்பல முதலியாரின் புதல்வர்களுள் இளையவர் அருணாசலம். 1853 இல் பிறந்த அவர், பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் கற்று, 1870களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ற்ஸ் கல்லூரியை அடைந்தார். அது டார்வின் பயின்ற கல்லூரி. டார்வினின் மனிதன் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்த ஆண்டு 1871. பல்கலைக்கழகப் பதவிகளுக்கு ஆங்கிலத் திருச்சபை சார்ந்த உறுதிமொழி வேண்டும் என்ற பழைய நிபந்தனை சட்டத்தினாற் பெரும்பாலும் நீங்கியதும் அவ்வாண்டிலேயே. நாவலர் பெருமான் யாழ்ப்பாணத்தில் எதிர்கொண்டது ஒரு சமயம் இன்னொரு சமயத்தின்மேல் தொடுத்த கண்டனம். அதற்கு நூலுக்கு நூல் விடை சொல்ல இயன்றது. கேம்பிரிட்சில் எழுந்த ஐயமோ எல்லாச் சமயங்களையும் ஒருங்கே நிறுத்தி வினவியது.

அவ்வினாவின் வலிமைக்கு அருணாசலத்தின் ஆங்கில நண்பரே சான்று. எட்வேட் காப்பென்ரர் அங்கே கல்லூரிப் பேராளராகவும் குருப்பட்டம் பெற்றவராகவும் இருந்தவர். 1874 இல் அவர் அக்குருப்பணியைத் துறந்து வெளியேறினார். சொந்தத் திருச்சபையின் குருவுக்கே அங்குத் தரிக்க இயலவில்லை. கடல்கடந்து சென்ற சைவ இளைஞர் 1875 இல் சிவில் சேவைப் பரீட்சையிலும் தேறித் தாயகம் மீண்டார்; சைவராகவே வாழ்ந்தார். கற்றவற்றை அவர் உதறிவிடவுமில்லை. 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும், இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று உழைத்தவரும் அவரே. ஐயம் பிறக்கும் இடம் என்று அஞ்சியிருந்தால் அதனைக் கேட்டிருப்பாரா? தமையனார் இராமநாதனைப் போலவே அவரும் தென்னிந்தியத் தமிழ் ஞானி ஒருவரை அடைந்து, கேட்டும் சிந்தித்தும் தெளிந்தார். மணிவாசகரின் பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்தார். பரம்பரைச் சொத்தாக மட்டும் பெற்ற பற்றாயின் இத்தனை முயற்சி வேண்டியதில்லை.

இவ்வழி சைவத்துக்குப் புதிதன்று. அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் பதினான்கு கொள்கைகளை எடுத்து ஆராய்கின்றது. அவற்றுள் முதலில் இடம்பெறுபவன் உலகாயதன். கடவுளும் இல்லை, மறுமையும் இல்லை என்பவனுடைய கட்சி முதலில் முறையாக எடுத்துரைக்கப்பட்டு, அதன் பின்னரே மறுப்புத் தொடங்குகின்றது. மணிமேகலையிலும் காவியத் தலைவி சமயக்கணக்கரிடம் ஒவ்வொருவராகக் கேட்டுச் செல்லும்போது பூதவாதியையும் விடாமற் கேட்கிறாள். நம் முன்னோர் மறுப்பவனுக்கு வகுப்பறையில் ஆசனம் இட்டனர். நாமோ முடிபுகளை மாத்திரம் குறிப்பெடுக்கச் சொல்லி மாணவனை அனுப்பிவிடுகிறோம். அவன் உலகாயதனை முதன்முதலாகச் சந்திப்பது விஞ்ஞான வகுப்பிலோ பல்கலைக்கழக விடுதியிலோதான். அப்போது அருகில் ஆசிரியர் இரார்.

விவேகானந்தரும் கல்கத்தாவிற் கல்லூரி மாணவராய் ஐயுற்று, கடவுளைக் கண்டதுண்டோ என்று பெரியோரை வினவித் திரிந்தவரே. அவர் 1897 ஜனவரி 15 இல் கொழும்பில் இறங்கினார். அவர் பெயரால் 1902 இல் எழுந்த விவேகானந்த சபை கொட்டாஞ்சேனைப் பகுதியில் இன்றும் நிற்கிறது.

காப்பென்ரரின் கதை கேம்பிரிட்சோடு முடியவில்லை. அருணாசலத்துடன் கடிதத் தொடர்பு நீடித்தது. 1890 இல் அவர் இலங்கைக்கு வந்து, நண்பர் வாயிலாக அந்தத் தமிழ் ஞானியைச் சந்தித்துப் பல நாள் உரையாடி, அதனை 1892 இல் தம் பயணநூலில் எழுதினார். அருணாசலம் 1924 இல் மதுரையிற் காலமானார். ஞானம் பற்றி அவர் வரைந்த கடிதங்களை, திருச்சபையைத் துறந்த அதே நண்பர் 1927 இல் நூலாகப் பதிப்பித்தார்.