‘ஸ்பேஸ் டாக்’ பாட்டை முதலில் போட்ட டி.ஜே யார்? நியூயார்க்கை ஆட வைத்த மும்பைக் குரலின் கதை

ஒரு பாட்டைப் பாடியது யார்னு கேட்டா இன்னைக்கு செல்போனே சொல்லிடும். இசையமைத்தவர், எழுதியவர், வெளியிட்ட கம்பெனி என எல்லாமே ஒரே தேடலில் வந்துவிடும். ஆனால் அந்தப் பாட்டை முதன்முதலில் ஒரு கூட்டத்துக்கு நடுவே போட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள். அவ்வளவு சுலபமாகப் பதில் கிடைக்காது.

அரிய இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர்கள் மத்தியில் பல வருஷமாக ஓடும் கேள்வி இது. அமெரிக்க சோல், டிஸ்கோ தட்டுகளைச் சுற்றித்தான் இந்தத் தேடல் அதிகம். அதில் இந்தியப் பெண் ஒருவரின் பாட்டும் இருக்கிறது. மும்பையில் பிறந்த ஆஷா புத்லி பாடிய ‘ஸ்பேஸ் டாக்’தான் அது.

யார் அந்த டி.ஜே? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதில் பாடியவருக்கு என்ன கிடைக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த ஆஷா புத்லி?

1945-ல் மும்பையில் பிறந்தவர். முறையாக இந்துஸ்தானி சங்கீதம் படித்தவர். அதே நேரத்தில் ரேடியோவில் ஜாஸ் கேட்டுக் கேட்டு அதிலும் ஆர்வம் வந்தது. விமானப் பணிப்பெண்ணாகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். பிறகு நடனம் படிக்க உதவித்தொகை கிடைத்து நியூயார்க் போனார்.

அங்கே சி.பி.எஸ் நிறுவனத்தின் ஜான் ஹேமண்ட் கண்ணில் பட்டார். ஹேமண்ட் சாதாரண ஆள் இல்லை. பில்லி ஹாலிடே, பாப் டிலன் போன்றவர்களை அடையாளம் கண்டவர். அந்தத் தொடர்பால், ஜாஸ் மேதை ஓர்னெட் கோல்மனின் ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ ஆல்பத்தில் ஆஷா இரண்டு பாடல்கள் பாடினார். 1971-ல் பதிவான அந்தப் பாடல்கள் ஜாஸ் விமர்சகர்களிடம் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தன.

1973-ல் அவர் பெயரிலேயே முதல் தனி ஆல்பம். 1976-ல் வந்ததுதான் ‘தி டெவில் இஸ் லூஸ்’. ‘ஸ்பேஸ் டாக்’ இருப்பது இந்த ஆல்பத்தில்தான்.

அது ஏன் ‘அரிய’ தட்டு ஆனது?

ஜெர்மனியில் தயாரிப்பாளர் டீட்டர் ஸிம்மர்மானுடன் உருவான ஆல்பம் அது. முதலில் வெளிவந்ததும் ஐரோப்பாவில்தான். நியூயார்க்கில் ஒருவர் அதை வாங்க வேண்டும் என்றால், வெளிநாட்டுத் தட்டுகளை இறக்குமதி செய்யும் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் ஒரு சில பிரதிகள்தான் வரும்.

அன்றைக்கு ஒரு பாட்டு ஹிட்டாக இரண்டு வழி. ஒன்று, கம்பெனி விளம்பரம் செய்ய வேண்டும். இன்னொன்று, ரேடியோவில் ஓட வேண்டும். இரண்டும் இல்லாத பாட்டுக்கு மிச்சம் இருந்தது ஒரே வழி. எவனாவது ஒரு டி.ஜே அந்தத் தட்டைத் தேடி எடுத்து, ஆடும் கூட்டத்துக்கு முன்னால் போட்டுக் காட்ட வேண்டும்.

நம்மூர்க் கல்யாண வீட்டு மைக் செட்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் எந்தத் தட்டு இருந்ததோ அதுதான் அன்று ஊருக்கே பாட்டு. அவர் திரும்பத் திரும்பப் போட்டால் அது ஊர் வாயில் ஒட்டிக்கொள்ளும். டி.ஜேவின் பலமும் அதுதான்.

சரி, போட்டது யார்?

பொதுவாகச் சொல்லப்படும் பெயர் டேவிட் மான்குசோ. 1970 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று நியூயார்க் பிராட்வேயில் தன் வீட்டிலேயே ஒரு நடன விருந்து நடத்தினார். அதுதான் பின்னாளில் ‘தி லாஃப்ட்’ என்று பெயர் பெற்றது. அழைப்பிதழ் இருந்தால்தான் உள்ளே போக முடியும். மது விற்பனை கிடையாது. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், தன்பால் ஈர்ப்பாளர்கள் என வெளியே ஒதுக்கப்பட்ட பலரும் அங்கே சேர்ந்து ஆடினார்கள்.

மான்குசோவுக்கு ஒரு பழக்கம். பாட்டை நடுவில் வெட்டி ஒட்டுவதில் அவருக்கு விருப்பம் இல்லை. ஒரு தட்டைப் போட்டால் முழுசாக ஓட விடுவார். ஆஷாவின் மென்மையான, மிதக்கும் குரல் அந்த இடத்துக்குப் பொருந்திப் போனது. ‘ஸ்பேஸ் டாக்’ லாஃப்ட்டின் முக்கியமான பாடல்களில் ஒன்றானது. இன்றைக்கும் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் மான்குசோ பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை.

‘முதல்’ என்றால் எந்த முதல்?

இங்கேதான் குழப்பமே. ‘முதலில் போட்டவர்’ என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு ஆட்களைச் சொல்ல வாய்ப்பிருக்கிறது.

• தட்டை முதலில் தேடிக் கண்டுபிடித்தவர்
• கூட்டத்துக்கு முன்னால் முதலில் போட்டவர்
• ஊருக்கெல்லாம் தெரிய வைத்தவர்

மான்குசோவின் இன்னொரு கதையே இதற்கு நல்ல உதாரணம். கேமரூன் நாட்டு இசைக்கலைஞர் மனு டிபாங்கோ 1972-ல் ‘சோல் மகோசா’ என்ற பாட்டை வெளியிட்டார். ஆப்பிரிக்கக் கோப்பை கால்பந்துப் போட்டிக்காகப் போட்ட தட்டின் பின்பக்கத்தில் இருந்த பாட்டு அது. புரூக்ளினில் ஒரு கடையில் அந்தத் தட்டை எடுத்த மான்குசோ, லாஃப்ட்டில் போட ஆரம்பித்தார். அதன்பிறகு டபிள்யூ.பி.எல்.எஸ் வானொலியின் ஃபிராங்கி குரோக்கர் அதை ரேடியோவில் ஒலிபரப்பினார். கடைகளில் தட்டு கிடைக்காமல் ஜனங்கள் அலைய, அட்லாண்டிக் நிறுவனம் உரிமை வாங்கி வெளியிட்டது. 1973-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 35-வது இடம் வரை போனது.

தேடி எடுத்ததும் ஆடும் கூட்டத்துக்குப் போட்டதும் மான்குசோ. ஊரறிய வைத்தது குரோக்கர். ரேடியோ கேட்டு வளர்ந்தவரிடம் கேட்டால் குரோக்கர் பெயரைத்தான் சொல்வார். லாஃப்ட்டில் ஆடியவர் மான்குசோவைச் சொல்வார். இருவர் சொல்வதும் பொய் இல்லை.

எப்படித் துப்பறிகிறார்கள்?

ஞாபகத்தை மட்டும் நம்பினால் ஆளுக்கொரு கதை வரும். அதனால் சேகரிப்பாளர்கள் சில விஷயங்களைச் சரிபார்க்கிறார்கள்.

1. தட்டு அச்சான தேதி: பாட்டு முடியும் இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையில் ஒரு எண் கீறப்பட்டிருக்கும். எந்தப் பதிப்பு, எப்போது அச்சானது என்று கண்டுபிடிக்க அது உதவும். 1976 ஆல்பத்தை 1975-லேயே கேட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் வேறு எதையோ ஞாபகம் வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

2. டி.ஜே பட்டியல்கள்: ‘ரெக்கார்டு வேர்ல்டு’ பத்திரிகையில் வின்ஸ் அலெட்டி 1974 முதல் 1978 வரை ‘டிஸ்கோ ஃபைல்’ என்ற பகுதியை எழுதினார். எந்த கிளப்பில் எந்த டி.ஜே எந்தப் பாட்டுகளைப் போடுகிறார் என்று வாராவாரம் அதில் வரும். அன்றே அச்சான சாட்சி என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

3. தட்டு வந்த வழி: 1975-ல் மான்குசோவும் சில டி.ஜேக்களும் சேர்ந்து ‘ரெக்கார்டு பூல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கம்பெனிகள் தரும் புதுத் தட்டுகள் எல்லா உறுப்பினருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்க அது வழி செய்தது. அப்படி வந்த தட்டில் ‘நான்தான் முதல்’ என்று யாரும் மார்தட்ட முடியாது. இறக்குமதித் தட்டு என்றால் கதையே வேறு. தேடி வாங்கியவர் கையில்தான் அது இருக்கும்.

லேபிளை மறைத்த டி.ஜேக்கள்

இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதானதற்குக் காரணம் இங்கிலாந்தின் வடபகுதி. மில்லும் சுரங்கமும் நிறைந்த ஊர்களின் தொழிலாளர்கள்தான் அங்கே ரசிகர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு வார லீவு நாள் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். அவர்களுக்கும் அப்படித்தான். 1973 முதல் 1981 வரை இயங்கிய விகன் கேசினோவில், சனிக்கிழமை நள்ளிரவு தாண்டித் தொடங்கும் ஆட்டம் ஞாயிறு காலை 8 மணி வரை நடக்கும்.

அவர்கள் ஆடியது 1960-களில் அமெரிக்காவில் வெளியாகி ஓடாமல் போன சோல் பாட்டுகளுக்கு. இதற்கு ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர் வைத்தவர் பத்திரிகையாளர் டேவ் காடின். மற்றவரிடம் இல்லாத தட்டு தன்னிடம் இருந்தால்தான் டி.ஜேவுக்கு மதிப்பு. போட்டியாளர் பார்த்துவிடக் கூடாது என்று லேபிள் மேல் காகிதம் ஒட்டி, பாடகருக்குப் பொய்ப் பெயரும் வைத்தார்கள்.

அப்படி மாட்டியவர் ஃபிராங்க் வில்சன். 1965-ல் மோட்டவுன் நிறுவனத்துக்காக அவர் பாடிய ‘டூ ஐ லவ் யூ’ பாட்டின் பிரதிகள் கிட்டத்தட்ட எல்லாமே அழிக்கப்பட்டன. விரல் விட்டு எண்ணக்கூடிய சில மட்டும் தப்பின. விகன் கேசினோவில் ரஸ் வின்ஸ்டன்லி அதைப் போட்டபோது, பாடியவர் பெயர் ‘எடி ஃபாஸ்டர்’ என்றே சொல்லப்பட்டது. 1979-ல்தான் வில்சனின் சொந்தப் பெயரில் அது இங்கிலாந்தில் முறையாக வெளியானது. 2009-ல் அதன் ஒரிஜினல் பிரதி ஒன்று 25,742 பவுண்டுக்கு விலை போனது.

பாடியவருக்கு என்ன கிடைத்தது?

பழைய தட்டு கைமாறும்போது அந்தப் பணம் விற்றவருக்குத்தான் போகும். பாடியவருக்கு ஒரு பைசா வராது. ‘எடி ஃபாஸ்டர்’ என்ற பெயருக்கு ஆடிய கூட்டத்தில் வில்சனைத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

மான்குசோ ஆஷாவின் பெயரை மறைக்கவில்லை. அது பின்னால் உதவியது. 1997-ல் ராப் பாடகர் தி நோட்டோரியஸ் பி.ஐ.ஜியின் ‘லைஃப் ஆஃப்டர் டெத்’ ஆல்பத்தில் ‘ஸ்பேஸ் டாக்’ இசைத்துணுக்கு பயன்படுத்தப்பட்டது. லாஃப்ட் பக்கமே போகாத புதுத் தலைமுறைக்கும் அந்தக் குரல் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. 2022-ல் அவருடைய பாடல்கள் தொகுப்பாக மறுபடியும் தட்டில் வெளிவந்தன.

இந்தியாவில் இன்னொரு உதாரணமும் உண்டு. இந்தி சினிமாவில் வாத்தியம் வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரில் வாசித்து ஒரு ஆல்பம் பதிவு செய்தார். அது ஓடவில்லை. 2002-ல் எடோ பவ்மன் என்ற டச்சு சேகரிப்பாளர் டெல்லி கடை ஒன்றில் அதை எடுத்தார். 2010-ல் மறுபதிப்பு செய்தார். ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை சிகாகோவில் உருவாவதற்கு முன்பே இப்படி ஒன்றா என்று உலகமே திரும்பிப் பார்த்தது. பவ்மன் அவரைத் தேடிக் கண்டுபிடித்ததால், 2015-ல் இறப்பதற்கு முன் சிங்கால் வெளிநாட்டு மேடைகளில் ஏறி அதே இசையை வாசிக்க முடிந்தது.

இன்றைய நிலவரமும் முக்கியம். இந்தியாவில் 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், பாடியவர் போன்ற கலைஞர்களுக்கும் ராயல்டி உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமையைக் கேட்க, பாட்டோடு சரியான பெயர் ஒட்டியிருக்க வேண்டும். ரீல்ஸில் ‘ஒரிஜினல் ஆடியோ’ என்று யாரோ ஒருவர் பெயரில் ஓடும் பழைய பாட்டுக்கும், அன்று காகிதம் ஒட்டிய லேபிளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சுருக்கமாக

• ‘ஸ்பேஸ் டாக்’: பாடியவர் ஆஷா புத்லி, ஆல்பம் ‘தி டெவில் இஸ் லூஸ்’, ஆண்டு 1976.

• அதை நியூயார்க் நடனக் கூட்டத்துக்குக் கொண்டு சேர்த்தவராக அறியப்படுபவர் ‘தி லாஃப்ட்’ டேவிட் மான்குசோ.

• ‘முதலில் போட்டேன்’ என்று யாராவது சொன்னால், தட்டு அச்சான தேதி, அன்றைய பத்திரிகைப் பட்டியல், தட்டு கைக்கு வந்த வழி மூன்றையும் பாருங்கள்.

• அடுத்த முறை ஒரு பழைய பாட்டை ஸ்டேட்டஸ் வைக்கும்போது, பாடியவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரி டைப் செய்யும் வேலைதான்.