எல்.எம்.எஸ். நிறுத்தமும் ஒரு சீமாட்டியும்

திருவனந்தபுரத்தில் பாளையம் தாண்டி மியூசியம் பக்கம் போகும் வழியில் 'எல்.எம்.எஸ்.' என்றொரு பேருந்து நிறுத்தம் உண்டு. லண்டன் மிஷனரி சொசைட்டி என்பதன் சுருக்கம். 1838-ல் ஜான் காக்ஸ் இந்நகரில் தொடங்கிய ஊழியம், சாமுவேல் மட்டீர் நினைவாக 1906-ல் எழுந்த ஆலயம் என அந்த வளாகத்தின் கதையை ஆண்களை வைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால், அதன் வேர் ஒரு பெண்ணிடம் போய் முடிகிறது.

அவர் இங்கிலாந்தின் ஹன்டிங்டன் சீமாட்டி செலினா. 1707-ல் பிறந்தவர், 39 வயதில் கணவரை இழந்தவர். இங்கிலாந்துத் திருச்சபைக்குள் எழுந்த மெதடிஸ்ட் எழுப்புதல் இயக்கத்தில் ஜான் வெஸ்லி ஒரு கிளை என்றால், ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு இன்னொரு கிளை. செலினா ஒயிட்ஃபீல்டு பக்கம் நின்றார். பிரசங்க மேடை ஏறும் வழி அவருக்கு இல்லை. ஆனால், பிரபுக் குடும்பத்தார் சொந்தமாகக் குருமார்களை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. அந்த ஓட்டையை அவர் எப்படிப் பயன்படுத்தினார் தெரியுமா? வீட்டை ஒட்டி ஒரு ஜெபாலயம் கட்டுவது, மற்ற ஆலயங்கள் கதவடைத்த பிரசங்கியாரை அங்கே மேடையேற்றுவது! பிரைட்டனில் 1761-ல் ஆலயம் கட்ட நகைகளை விற்றார். 1768-ல் வேல்ஸில் ட்ரெவெக்கா என்ற ஊரில் பிரசங்கிகளுக்கென ஒரு கல்லூரியையே திறந்துவிட்டார்.

சக சீமாட்டிகளையும் பிரசங்கக் கூட்டத்துக்கு அழைப்பார். பக்கிங்ஹாம் சீமாட்டி எரிச்சலோடு பதில் எழுதினார்: தெருவில் திரியும் ஈனர்களைப் போலவே நம் இதயமும் பாவம் நிறைந்தது என்கிறார்களே, இது அடுக்குமா என்று. புதிய இயக்கம் எங்கே கை வைத்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

அதே செலினாதான், ஒயிட்ஃபீல்டு அமெரிக்காவின் ஜார்ஜியாவில் விட்டுச்சென்ற அநாதை இல்லத்தோடு அங்கிருந்த அடிமைகளையும் ஏற்றுக்கொண்டார். விடுவிக்கவில்லை. திருவிதாங்கூரில் 1847-ல் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி மகாராஜாவிடம் மனுக் கொடுத்தவர்களில் எல்.எம்.எஸ். மிஷனரிகளும் இருந்தார்கள் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

செலினா 1791-ல் மறைந்தார். நான்கே ஆண்டுகளில், அவருடைய குருவாக இருந்த தாமஸ் ஹாவீஸும் மற்ற சபையாரும் சேர்ந்து, பின்னாளில் எல்.எம்.எஸ். ஆன மிஷனரி சொசைட்டியைத் தொடங்கினர். தொடக்கப் பிரசங்கம் நடந்தது, செலினாவின் ஸ்பா ஃபீல்ட்ஸ் ஆலயத்தில். அந்தச் சொசைட்டியின் ஆளாக மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் தென் திருவிதாங்கூரின் மயிலாடிக்கு வந்தார்.

அதே சொசைட்டியின் மிஷனரியாக 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்தவர் சார்லஸ் மால்ட். உடன் வந்த மனைவி மார்த்தாவுக்கு மிஷனரிப் பட்டம் இல்லை. அவர் நடத்திய பெண்கள் பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். தலையணை போன்ற திண்டில் குண்டூசிகள் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை. அந்த லேஸ் விற்பனைக்குப் போனது. மார்பை மறைக்கவும் உரிமை இல்லாத சாதியில் பிறந்த பெண்கள் அதில் கூலி ஈட்டினார்கள்.