விளையாட்டு அணிகளும் பட்டப்பெயர்களும்

சோழர் புலியையும் பாண்டியர் கயலையும் சேரர் வில்லையும் கொடியிற் பொறித்தமை தமிழ் மக்கள் நன்கறிந்த செய்தி. அவ்வழக்கின் சாயலை அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுக் களங்களிலே காணலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணியினர் புலிகள் எனப்படுவர். நியூ ஓர்லியன்ஸ் நகரில் யேசு சபையார் நிறுவிய லொயோலாப் பல்கலைக்கழக அணியினரோ ஓநாய்க் கூட்டம் எனப்படுவர். அச்சபையின் தந்தையாகிய புனித இக்னேசியாரின் குலச்சின்னத்திலே, தொங்கும் பானையொன்றின் இருமருங்கும் இரண்டு ஓநாய்கள் நிற்கின்றன. அதுவே அப்பெயருக்கு மூலம்.

இச்செய்திக்கும் திருக்கோணமலைத் துறைமுகத்துக்கும் தொடர்பு உண்டு. அங்கே புனித சூசையப்பர் கல்லூரி 1867 இல் தோன்றியது. கிழக்கிலங்கையில் முதலிற் பணியாற்றிய யேசு சபையார் பிரெஞ்சு நாட்டவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்துத் துறவியர் வந்து சேர்ந்தனர். 1891 இல் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர் சோர்ந்திராவண்ணம், பழக்கூடைகள் இரண்டை மாடத்தில் மாட்டி வகுத்ததே கூடைப்பந்தாட்டம். அதனை இத்துறவியர் திருக்கோணமலையிலும் மட்டக்களப்பிலும் ஆர்வத்தோடு வளர்த்தனர்.

ஆட்டம் வந்தது, ஓநாய் வரவில்லை. இலங்கையில் வேரூன்றியிருந்த மரபு வேறு. இங்கே வீரர் தம் கல்லூரிப் பெயராலேயே அழைக்கப்பட்டனர். சூசையப்பர் கல்லூரியார் ‘ஜோசேபியன்’. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியார் ‘மைக்கலைற்’. பட்டப்பெயர் பெற்றது அணியன்று, போட்டியே. கொழும்பில் றோயல் கல்லூரியும் புனித தோமையர் கல்லூரியும் ஆடும் கிரிக்கெட் ‘நீலங்களின் சமர்’. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் 1904 இல் தொடங்கிய போட்டி ‘வடக்கின் பெருஞ்சமர்’.

இம்மரபில் ஒரு நயம் உண்டு. பந்தைத் தொட்டறியாத மாணவனுக்கும் வீரனுக்கும் பெயர் ஒன்றே. கல்லூரியை விட்டு நீங்கிய பின்னும் அப்பெயர் அவனை விட்டு நீங்குவதில்லை.

லூசியானாவிற் பிறந்த யூஜின் ஹீபர் அடிகளார் 1948 இல் இலங்கைக்கு வந்தார். திருக்கோணமலையிலும் பின்னர் மட்டக்களப்பிலும் ஆசிரியராகவும் கூடைப்பந்துப் பயிற்றுநராகவும் விளங்கினார். 1990 ஆகஸ்ட் 15 ஆம் நாள், போர்ச்சூழலின் நடுவே, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். ஊர் வந்து சேரவில்லை. உடன் சென்ற தமிழ் இளைஞரும் மீளவில்லை. அடிகளாருக்குக் கல்லறை எழுப்பவும் வழியில்லாது போயிற்று.

ஆயினும், அவரிடம் ஆட்டம் பயின்ற மாணவர் பல நாடுகளில் வாழ்கின்றனர். தம்மை இன்னார் என்று கூறுமிடத்து அவர்கள் கல்லூரியின் பெயரையே முற்படச் சொல்கின்றனர். அப்பெயர் வழங்கும் வரையில் அந்த ஆசிரியரின் நினைவும் அதனோடு வழங்கும்.